கால் உளைவுக்கு எண்ணெய் பூசுவதற்கு முன்: கால்களின் இரத்த ஓட்டத்தை அறிந்து சீர்செய்யும் வழிகள்

திருகோணமலையில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் கால் உளைகிறது என்று சொன்னால், நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கிப் பூசி உருவிவிடுவதும் உப்பு ஒத்தணம் கொடுப்பதும்தான் வீட்டார் முதலில் செய்யும் காரியங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிச்சென்று வாளி வாளியாக வார்த்துவிட்டு வருவார்கள். நாள் முழுவதும் நின்று வேலை செய்த அசதியால் வந்த உளைவு என்றால் இவற்றால் சுகம் கிடைக்கக்கூடும். உளைவுக்குக் காரணம் இரத்த ஓட்டக் குறைபாடாக இருந்தால், இதே கைமருந்துகள் நோயை மறைத்து நாட்களைக் கடத்திவிடும். சிலரைக் காலையே இழக்கும் நிலைக்கும் கொண்டுபோய்விடும். ஆகவே எண்ணெய்ப் போத்தலை எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: இந்தக் காலுக்கு இரத்தம் போய்ச் சேரவில்லையா, அல்லது போன இரத்தம் திரும்பி வரவில்லையா? இரண்டையும் நாம் "இரத்த ஓட்டம் குறைவு" என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றதற்குத் தீங்காக முடியும்.

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்கள் நாடிகள். திருப்பிக் கொண்டுவருபவை நாளங்கள். தமிழகத்து வாசகர்கள் தமனி, சிரை என்று படித்திருப்பவை இவையே. வயிற்றிலுள்ள பெருநாடி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து, இடுப்பு வழியாகத் தொடைக்கு இறங்கி, முழங்காலின் பின்புறத்தைக் கடந்து, கெண்டைக்காலில் மூன்று கிளைகளாகிப் பாதத்தை அடைகிறது. இந்தப் பாதையில் எங்காவது உட்சுவரில் கொழுப்பும் கல்சியமும் படிந்து வழி குறுகினால், அதற்குக் கீழேயுள்ள தசைக்கு வேலை செய்யும்போது வேண்டிய ஒட்சிசன் கிடைக்காது. நாளங்களில் நிகழ்வது வேறு. அங்கே இரத்தம் கீழிருந்து மேலே ஏற வேண்டும்; கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் நாளங்களை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளுகிறது, உள்ளேயிருக்கும் ஒருவழி வால்வுகள் அது மீண்டும் கீழே இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் நாளத்தில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும். அவர் நடக்கத் தொடங்கினால் அது 30-க்குக் கீழே இறங்கிவிடும். வால்வுகள் பழுதானவர்களுக்கு அந்த இறக்கம் போதிய அளவு நிகழ்வதில்லை. கந்தளாய்க் குளத்து நீரில் வயல் செய்கிறவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை: வாய்க்கால் தூர்ந்தாலும் பயிர் கெடும், வடிகால் அடைபட்டாலும் பயிர் கெடும், ஆனால் வடிகால் அடைபட்ட வயலுக்கு யாரும் மதகைத் திறந்துவிட மாட்டார்கள்.

நடையில் தெரியும் நாடி அடைப்பு

நாடி அடைப்பின் முதல் அடையாளம் பெரும்பாலும் நடையில்தான் வெளிப்படும். பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறிச் செல்லும் வீதியில், பாதி வழியில் நின்று அங்கு மேயும் புள்ளிமான்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் வயோதிபர்களைக் காணலாம். அவர்களிற் சிலர் உண்மையாகவே மான்களைப் பார்க்கிறார்கள். சிலரோ கெண்டைக்கால் இறுகிப் பிடித்துவிட்டதைப் பிள்ளைகளிடம் சொல்ல மனமில்லாமல் நிற்கிறார்கள். சில நிமிடங்கள் நின்றால் வலி கரைந்துவிடும், மறுபடி நடப்பார்கள், ஏறக்குறைய முன்பு நடந்த அதே தூரம் வந்ததும் மறுபடி பிடிக்கும். குறிப்பிட்ட தூரத்தில் வருவது, நின்றவுடன் குறையத் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் முற்றாக நீங்குவது, ஏற்றத்திலும் விரைந்த நடையிலும் இன்னும் சீக்கிரமாக வருவது ஆகிய இயல்புகள் ஒன்றுசேர்ந்திருந்தால் அதை வயதின் களைப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. கெண்டைக்காலில் மட்டும் வலித்தால் அடைப்பு பெரும்பாலும் தொடை நாடியில் இருக்கும். பிட்டத்திலும் தொடையிலும் வலித்தால் இடுப்பு நாடியில் இருக்கக்கூடும்.

இதே இடத்தில் வலியைத் தரும் வேறு நோய்களும் உண்டு. முள்ளந்தண்டில் நரம்பு நெரிபடுகிறவருக்கும் நடக்கும்போது கால் கனத்து வலிக்கும். ஆனால் அவருக்கு நின்றால் மட்டும் சுகம் வராது, குனியவோ உட்காரவோ வேண்டும். சைக்கிளில் முன்பக்கம் சாய்ந்தபடி நெடுந்தூரம் போக முடிகிறது, நடக்க மட்டும் முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் முள்ளந்தண்டை முதலில் சந்தேகிக்கலாம். முழங்கால் மூட்டுத் தேய்வில் முதல் அடியே வலிக்கும். நீரிழிவினால் நரம்பு பழுதானவருக்கு இருந்த இருப்பிலேயே உள்ளங்கால் எரியும், அல்லது பஞ்சின்மேல் நடப்பதுபோல் உணர்வு மங்கியிருக்கும்.

இவ்வளவு தெளிவாக எல்லோருக்கும் வெளிப்படுவதில்லை என்பதுதான் கவலைக்குரியது. கால் நாடிகள் குறுகிய பலருக்கு நடையில் வலியே தெரிவதில்லை. காரணம், வலி வரும் தூரத்துக்கு அவர்கள் நடப்பதை விட்டுவிட்டார்கள். ஆகவே வீட்டில் பெரியவர் இருந்தால், "கால் வலிக்கிறதா?" என்று கேட்பதைவிட, சந்தைக்கு நடந்து போய் வந்தவர் எப்போதிருந்து ஓட்டோ பிடிக்கத் தொடங்கினார் என்று நினைத்துப் பார்ப்பது அதிகப் பயன் தரும் என்பது என் எண்ணம்.

நோய் முற்றியபின் வலி நடைக்காகக் காத்திராது. இரவில் படுத்தபின் முன்பாதத்திலும் விரல்களிலும் வலி எழும்பும்; காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் சற்று இளகும், ஏனெனில் புவியீர்ப்பு கொஞ்சம் இரத்தத்தைக் கீழே இறக்கிக் கொடுக்கிறது. இரவிரவாகக் கதிரையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுத் தூங்குகிறவரின் பாதம் சில நாட்களில் வீங்கத் தொடங்கும். அந்த வீக்கத்தைக் கண்ட வீட்டார் "நீர் இறங்கிவிட்டது" என்று கருதிக் காலைத் தலையணைமேல் உயர்த்தி, மீள்தன்மைப் பட்டித்துணியால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்த இரத்தமும் இதனால் தடைப்பட்டுவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இத்தகைய இரவு வலியும், ஆறாத விரல் புண்ணும், விரல் நுனி கறுப்பதும் கால் பறிபோகக்கூடிய கட்டத்தின் அடையாளங்கள். அவற்றுக்கு அடுத்த மாதத்துக் கிளினிக் திகதி வரை பொறுத்திருக்கக் கூடாது.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியவை

முதலில் இரண்டு கால்களையும் முழங்கால் வரை நல்ல பகல் வெளிச்சத்தில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். நாடி அடைபட்ட காலில் மயிர் உதிர்ந்து தோல் மெலிந்து பளபளக்கும், நகங்கள் தடித்து மெதுவாக வளரும், கெண்டைச்சதை வற்றியிருக்கும். கையின் பின்புறத்தால் முழங்காலிலிருந்து பாதம் நோக்கித் தடவிச் செல்லும்போது, ஒரு கால் மட்டும் ஓரிடத்திலிருந்து திடீரென்று குளிர்ந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதமும் ஒரேயளவு குளிர்ந்திருந்தால், மாரி காலத்துக் குளிராகவோ குளிரூட்டிய அறையாகவோ இருக்கலாம். அதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

அடுத்தது நாடித்துடிப்பு. புறங்காலில், பெருவிரலைத் தூக்கும்போது புடைத்துத் தெரியும் தசைநாணுக்குச் சற்று வெளிப்புறமாக, பாதத்தின் நடுப்பகுதியில் ஒரு துடிப்பு உண்டு. உட்புறக் கணுக்கால் எலும்பின் பின்னே, அதற்குச் சற்றுக் கீழே இன்னொன்று உண்டு. ஆட்காட்டி விரலையும் அதற்கடுத்த இரண்டையும் சேர்த்து மெல்ல வையுங்கள். அழுத்தினால் நாடி மூடிக்கொள்ளும். பெருவிரலால் பார்க்காதீர்கள், உங்கள் சொந்தத் துடிப்பே அதில் தெரிந்து ஏமாற்றிவிடும். துடிப்பு அகப்படாவிட்டால் விரலை அரை விரற்கடை அளவு இப்பாலும் அப்பாலும் நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் பத்து விநாடியாவது பொறுத்திருங்கள். புறங்கால் துடிப்பு சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. ஆகவே அது மட்டும் தட்டுப்படாவிட்டால் பயப்பட வேண்டாம். ஒரே காலில் இரண்டு துடிப்புகளும் அகப்படாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பாதம் வீங்கியிருந்தால் இந்தப் பரிசோதனை நம்பகமானதல்ல.

மூன்றாவது பரிசோதனைக்குப் பாயோ கட்டிலோ போதும். மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் சாய்த்து ஏறக்குறைய 45 பாகை உயர்த்தி ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருங்கள். வேறொருவர் உள்ளங்கால்களைப் பார்க்கட்டும். நம் கறுத்த தோலில் புறங்காலின் நிறமாற்றம் தெரிவது கடினம், உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும்தான் தெளிவாகத் தெரியும். ஒரு பாதம் மட்டும் மெழுகுபோல் வெளிறினால், எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். நல்ல காலில் பத்துப் பதினைந்து விநாடிக்குள் நிறம் திரும்பிவிடும். அடைபட்ட காலில் அதைவிட நீண்ட நேரம் எடுக்கும், பின்னர் வழமையைவிடக் கூடுதலாகச் செந்நீலம் பூக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்து "இரத்தம் நன்றாக ஓடுகிறது" என்று மகிழ வேண்டாம். அது ஒட்சிசனுக்கு ஏங்கிய நுண்குழாய்கள் விரிந்து கிடப்பதன் நிறம்.

இவை எல்லாம் சந்தேகத்தை எழுப்புவதற்கான வழிகள். தீர்ப்புச் சொல்வது கணுக்கால், புய அழுத்த ஒப்பீடு. இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கச் செய்யும் டொப்ளர் கருவியையும் இரத்த அழுத்தப் பட்டியையும் கொண்டு கணுக்காலின் அழுத்தத்தை அளந்து, அதைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.70. சுகதேகியில் இது 1.00 முதல் 1.40 வரை இருக்கும், 0.90 அல்லது அதற்குக் குறைவு என்றால் நாடி குறுகியிருக்கிறது என்று பொருள், 0.40-க்குக் கீழே போனால் நிலைமை கடுமையானது. 1.40-ஐத் தாண்டுவதும் நல்லதல்ல: நீண்டகால நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்களின் நாடிச் சுவரில் கல்சியம் படிந்து, பட்டி அழுத்தினாலும் மூடாத அளவுக்கு அது இறுகிவிட்டது என்பதையே அந்த எண் காட்டுகிறது. வலியின்றிச் சில நிமிடங்களில் முடியும் இந்தப் பரிசோதனையைச் செய்யும்படி, நீரிழிவும் புகைப்பழக்கமும் உள்ளவர்கள் தாங்களாகவே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம். கால் நாடி குறுகியவருக்கு இதய நாடியும் மூளைக்குச் செல்லும் நாடியும் குறுகியிருக்கும் வாய்ப்பு அதிகம். காலில் கண்டுபிடித்தது மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் தடுப்பதற்குக் கிடைத்த முன்னறிவிப்பாகும்.

திரும்பி வராத இரத்தம்

நாளக் குறைபாட்டின் கால் வேறு விதமாகப் பேசும். காலையில் சரியாக இருந்த கால் மாலையில் கனத்து வீங்கும், காலுறையின் விளிம்பு தோலில் பள்ளமாகப் பதிந்திருக்கும், நடந்தாலும் காலை உயர்த்திப் படுத்தாலும் சுகமாக இருக்கும். புடைத்து முறுக்கிய நாளங்கள் தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம். ஆண்டுகள் செல்ல, உட்புறக் கணுக்காலுக்கு மேலே தோல் கபில நிறமாகிக் கடித்து, சொறிந்த இடத்தில் நீர் கசியும் ஆழமற்ற புண் வரும். நாடிப் புண்ணோ விரல் நுனியிலும் விரலிடுக்கிலும் குதிக்காலிலும் வரும். வறண்டு, விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும், கடுமையாக வலிக்கும். உணர்விழந்த நீரிழிவுப் பாதத்தின் புண் பெருவிரலின் அடிமேட்டில் தடித்த காய்ப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும், வலிக்கவே வலிக்காது.

நாள் முழுவதும் நிற்கும் ஆசிரியர்களுக்கும் கடைக்காரர்களுக்கும், நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகளில் சமையலறையிலும் வரவேற்பிலும் வேலை செய்பவர்களுக்கும், பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்கும் இந்தத் தொல்லை அதிகம். குதிக்காலை உயர்த்தி முன்பாதத்தில் நின்று இறங்குவதை ஒரு தடவைக்கு இருபது முறை வீதம் நாளில் பல தடவை செய்வதே எளிய வைத்தியம். கெண்டைக்கால் தசையின் பம்பு வேலை செய்வதற்கு அது போதும். மாலையில் பாதங்கள் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி கால் மணித்தியாலம் படுப்பது வீக்கத்தை வடிக்கும். அழுத்தக் காலுறையைக் காலையில் எழுந்தவுடன், வீங்குவதற்கு முன் அணிய வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: கணுக்கால் விகிதத்தை அளக்காமல் இறுக்கமான காலுறையோ கட்டோ போடக் கூடாது, விகிதம் 0.8-க்குக் குறைவாக இருப்பவருக்கு முழு அழுத்தக் கட்டு பொருந்தாது. ஒரே காலில் நாடியும் நாளமும் இரண்டுமே கெட்டிருக்கலாம் என்பதை மருந்துக்கடையில் காலுறை வாங்குகிறவர்கள் அறிவதில்லை.

இரண்டு கால்களும் ஒரேயளவு வீங்கினால் காலுக்கு வெளியே காரணம் தேட வேண்டும். இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் நோய்கள் அப்படி வீக்கம் தரும். இரத்த அழுத்தத்துக்குப் பலர் எடுக்கும் அம்லோடிப்பின், நிஃபெடிப்பின் மாத்திரைகளும் தரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொன்னால், மாற்றித் தருவார்.

காத்திருக்கக் கூடாத இரண்டு நிலைகள்

ஒரு கால் சில நிமிடங்களிலோ மணித்தியாலங்களிலோ திடீரென்று கடுமையாக வலித்து, வெளிறிக் குளிர்ந்து, துடிப்பு இல்லாமல், விறைத்து, விரல்களை அசைக்க முடியாமல் போனால், இரத்தக் கட்டி ஒன்று நாடியை முழுமையாக அடைத்துவிட்டது. ஒழுங்கற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களுக்கு இதயத்தில் உருவான கட்டி இப்படி வந்து சேர்வதுண்டு. ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்துக்குள் இரத்த ஓட்டம் மீளாவிட்டால் தசையும் நரம்பும் மீட்க முடியாதபடி சேதமடையத் தொடங்கும். உருவிவிடாமல், சூடு காட்டாமல், காலை உயர்த்தாமல், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். மூதூரிலோ கிண்ணியாவிலோ இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம்; அங்கிருந்து உடனே மாற்றி அனுப்புவார்கள்.

மற்றையது ஆழ்நாளக் கட்டி. ஒரு கால் மட்டும் ஓரிரு நாட்களில் வீங்கி, சூடாகி, கெண்டைச்சதை தொட்டால் வலிக்கும். சத்திரசிகிச்சைக்குப் பின்னும், மகப்பேற்றுக்குப் பின்னும், புற்றுநோய் உள்ளவர்களுக்கும், நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தவர்களுக்கும் இது வரக்கூடும். கொழும்புக்கு இரவு ரயிலிலோ பஸ்சிலோ போகிறவர்கள் இடைக்கிடை பாதங்களை மேலும் கீழும் அசைத்து, முடிந்தால் எழுந்து நடந்து, தண்ணீர் குடித்துவர வேண்டும். இந்தக் காலை எண்ணெய் பூசி உருவுவது போன்ற ஆபத்தான செயல் வேறில்லை: கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்து உயிரே போகலாம்.

நடையே மருந்து

நாடி குறுகிய காலுக்கு நடையைப் போன்ற மருந்து இல்லை. வலி வருகிறது என்பதற்காக நடையை விடுவது இயல்பானதாகத் தோன்றும். ஆனால் முறையாக நடந்தால் தசை கிடைக்கும் ஒட்சிசனைத் திறம்படப் பயன்படுத்தப் பழகும், நாடிச் சுவர் நன்றாக விரியும், அடைப்பைச் சுற்றிச் செல்லும் சிறு கிளைகளும் பெருக்கலாம். முறை இதுதான்: மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் வலி தொடங்கும் வேகத்தில் நடங்கள். வலி தொடங்கியவுடன் நிற்காமல், நடுத்தரமான வலியாக வளரும் வரை தொடருங்கள். பின் நின்றோ உட்கார்ந்தோ அது முற்றாக நீங்கவிட்டு மறுபடி நடங்கள். ஓய்வையும் சேர்த்து முதலில் 30 நிமிடம். கிழமைக்கு 5 நிமிடம் வீதம் கூட்டி 50 நிமிடம் வரை கொண்டுபோகலாம். கிழமையில் குறைந்தது மூன்று நாள், குறைந்தது 12 கிழமைகள். இதைச் செய்து முடிக்கும் பலருக்கு வலியின்றி நடக்கும் தூரம் இரண்டு மடங்காகக்கூட உயர்கிறது. தொடங்கும் நாளில் எந்த மின்கம்பம் வரை அல்லது எந்த வாசல் வரை வலியில்லாமல் வந்தீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதிவைத்தால், மாற்றம் கண்ணுக்குத் தெரியும். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ நிறுத்திவிட்டு இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். பாதத்தில் ஆறாத புண்ணோ ஓய்வில் வலியோ உள்ளவர்கள் இந்த நடையைத் தொடங்கக் கூடாது.

இடம் முக்கியம். டச்சு விரிகுடாக் கடற்கரையில் மாலைக் காற்று இதமானது. ஆனால் நடப்பதற்கு மணலைவிடச் சமதளமான வீதியே நல்லது. மணலில் வேகம் ஒருசீராக இராது, சிப்பி ஓடும் தூண்டில் முள்ளும் புதைந்திருக்கும், உணர்வு குறைந்த பாதம் வெட்டுப்பட்டது தெரியாமலே வீடு வந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெக்கை தணியாமல் வெளியே இறங்க வேண்டாம்; விடியற்காலையே பொருத்தமான நேரம். வெளியே போக வசதியில்லாத பெண்கள் வீட்டு முற்றத்தில் நடந்தாலும் கணக்கு ஒன்றே.

புகையிலையைப் பற்றி இரக்கமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிகரெட்டோ பீடியோ புகைப்பவர் நடந்தும் மருந்து குடித்தும் பெறும் நன்மையில் பெரும்பகுதியை அதே நாளில் இழந்துவிடுகிறார். 50 வயதுக்குக் குறைந்த புகைப்பவர்களுக்கு, கொலஸ்திரோலோ நீரிழிவோ இல்லாமலே, கை கால்களின் சிறு நாடிகள் அழன்று அடைபடும் பேர்கர் நோய் வருகிறது. அது நம் தெற்காசியாவில் மேற்கு நாடுகளைவிட அதிகம். புகையிலையை முற்றாக விட்டவர்களிடம் அந்நோய் அடங்கிவிடுவதும், நாளுக்கு ஒன்றிரண்டு என்று குறைத்துக்கொண்டவர்களிடம் விரல் விரலாக முன்னேறுவதும் வைத்தியர்கள் நன்கறிந்தவை. வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் விதிவிலக்கல்ல. புகை இல்லை என்பதால் நிக்கொட்டின் இல்லாமல் போவதில்லை. வீட்டில் புகைக்கும் தந்தையையோ தம்பியையோ கெஞ்சியாவது இதைக் கேட்கச் செய்யுங்கள்.

மருந்துகளைப் பொறுத்தவரை, கொலஸ்திரோல் அளவு சாதாரணமாக இருந்தாலும் நாடி குறுகியவர்களுக்கு அடோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரை தேவை என்பதையும், எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது இலக்கு என்பதையும் அறிந்திருந்தால் "எனக்குக் கொழுப்பு இல்லையே" என்று அதை நிறுத்திவிட மாட்டீர்கள். அஸ்பிரினோ குளோபிடோகிறலோ இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இரத்தக்கசிவு வரலாம் என்பதால் அதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. நடை தூரத்தைக் கூட்டும் சிலோஸ்டசோல் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பெரும்பாலானோருக்கு 7 வீதத்தை அண்டி இருக்க வேண்டும். உணவில் பெரிய புதுமை எதுவும் தேவையில்லை: சோற்றைக் குறைத்துக் கீரையையும் மரக்கறியையும் கூட்டி, சூடை, நெத்தலி போன்ற சிறுமீனைப் பொரிக்காமல் குழம்பாக்கி, கருவாட்டையும் ஊறுகாயையும் எப்போதாவது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்ற அளவுக்கு ஓரளவு அருகில் வரலாம்.

பாதத்தைக் காத்தல்

குறைந்த இரத்த ஓட்டம் கொண்ட பாதம் முழுத் தோலோடு இருக்கும்வரை சமாளித்துக்கொள்ளும். ஒரு சிறு காயம் பட்டால் அதை ஆற்றுவதற்குப் பல மடங்கு இரத்தம் தேவைப்படும், அங்கேதான் அது தோற்கிறது. ஆகவே நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பதை ஒரு கடமையாக்கிக்கொள்ளுங்கள். குனிய முடியாதவர் நிலத்தில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையிடம் சொல்லலாம். ஐவேளைத் தொழுகைக்கு வுழூச் செய்பவர்களுக்கு ஐந்து முறை பாதத்தைப் பார்க்கும் வாய்ப்பு இயல்பாகவே அமைகிறது; கழுவியபின் விரலிடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்தினால், ஈரத்தால் பூஞ்சணம் பிடித்து வெடிப்பதையும் தவிர்க்கலாம். மாரியில் வெள்ளத்தில் நடந்துவந்தவர்கள் எல்லோருக்கும் இதே அறிவுரைதான். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைக் குடையாதீர்கள். காய்ப்பை பிளேட்டால் சீவ வேண்டாம். சப்பாத்தை மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள். அணியுமுன் உள்ளே கைவிட்டுக் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சூட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். குளிர்ந்த பாதத்தைக் கண்டால் சூடேற்றத் தோன்றுவது இயல்பு. ஆனால் சூடு பட்ட தசை வழக்கத்தைவிட அதிக ஒட்சிசன் கேட்கும், அதைக் கொடுக்க அடைபட்ட நாடியால் முடியாது. அதோடு நீரிழிவினால் உணர்வு மங்கிய பாதத்துக்குச் சூட்டின் அளவே தெரியாது. சுடுநீர்ப் போத்தல் வைத்த இடம் காலையில் கொப்புளமாகத்தான் தெரியவரும். கம்பளிக் காலுறை அணிந்தாலே போதுமானது. கன்னியாவின் ஏழு கிணறுகளும் ஒன்றுக்கொன்று சூட்டில் வேறுபடுவதால், இறந்த பெரியவர்களுக்கான கடமைகளை முடிக்க அங்கே போகிறவர்கள், நீரிழிவுள்ளவர் காலில் வார்ப்பதற்கு முன் வேறொருவர் முழங்கையால் சூட்டைப் பார்த்து, இளஞ்சூட்டுக் கிணற்றை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டும். உணர்வற்ற பாதத்துக்கு அதுவும் வேண்டாம். நண்பகலில் கோயில் வீதியின் கருங்கல்லும் சீமெந்தும் வெறுங்காலைச் சுட்டுவிடும், ஆகவே கல் சூடேறுவதற்கு முன் காலைப் பூசைக்குப் போய்வரலாம். கதிர்காமப் பாதயாத்திரைக்கும் தீமிதிப்புக்கும் நேர்த்தி வைத்தவர்களின் பக்தியை மதித்தே சொல்கிறேன்: துடிப்பு அகப்படாத பாதத்தோடும் உணர்வு மங்கிய பாதத்தோடும் அந்த நேர்த்தியை நிறைவேற்ற வேண்டாம், வேறு வகையில் செலுத்தலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியையும் எடுக்கும் மருந்துகளையும் கொண்டுபோய், "கால் உளைகிறது" என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு தூரத்தில் எந்த இடத்தில் வலி வருகிறது, நின்றால் எத்தனை நிமிடத்தில் போகிறது, இரவில் காலைத் தொங்கவிட வேண்டியிருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிக் காட்டுங்கள். 12 கிழமை முறையாக நடந்தும் மருந்தெடுத்தும் தூரம் கூடாவிட்டால், அல்லது புண்ணும் ஓய்வு வலியும் இருந்தால், இரத்தநாள சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள். குறுகிய இடத்தைப் பலூனால் விரித்து, அது மூடாமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைப்பதும், நீண்ட அடைப்பைத் தாண்டி நோயாளியின் சொந்தக் கால் நாளத்தையே எடுத்து மாற்றுவழி அமைப்பதும் இப்போது செய்யப்படும் சிகிச்சைகள். அவை ஒரு குறித்த அடைப்பைத்தான் நீக்குகின்றன, நாடி குறுகும் நோயை அல்ல. ஆகவே அதன் பின்னும் மாத்திரைகளும் நடையும் தொடர வேண்டும், புகைத்தால் புதிய வழியும் அடைபடும். சிகிச்சைக்குப்பின் கூடியிருந்த தூரம் மறுபடி குறையத் தொடங்கினால், அடுத்த திகதிக்குக் காத்திராமல் உடனே போய்க் காட்டுங்கள்.